சீம்பால் குட்டிக்கே

மழை வழாது பெய்க. மலைகள் பசுமை மாறாது நிற்க. ஏழ்சுனை நாட்டின் குடைநிழல் குளிர்க. அக்குடையின் கீழ் வீற்றிருந்து அறம் வழங்கும் பேரரசி நன்னுதல் தேவியார் பணிக்க, அமைச்சர் பெருஞ்சாத்தன் விடுக்கும் ஓலை இது. வேற்படைக்கு அஞ்சாதவரும் விருந்துக்கு முகம் கோணாதவருமாகிய வெண்குன்றக் கோட்டைத் தலைவர் காரிமாறனார் இதை அவையோர் கேட்கப் படிப்பிப்பாராக.

அரசுக்குரிய கொற்ற மந்தையின் வெள்ளாட்டுக் குட்டிகள் பிறந்த சில நாளிலேயே வயிறு கழிந்து துவண்டு சாகின்றன என்றும், அதற்கு மந்தைக்காரி வெண்ணியின் கொள்ளிக்கண்ணே காரணம் என்றும், கொட்டிலின் திறவுகோலை அவளிடமிருந்து பறித்துக்கொண்டதாகவும், அமாவாசைக்குள் அவளை எல்லைக்கு அப்பால் துரத்தப்போவதாகவும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். வெண்ணியோ அரண்மனை வாயிலில் வந்து விழுந்து, தன் கண்ணில் கொள்ளி இருந்தால் அதே கொட்டிலில் வளரும் தன் சொந்த ஆடுகளின் குட்டிகள் மட்டும் எப்படித் துள்ளித் திரிகின்றன என்று கேட்டு அழுதாள். அக்கேள்வி தேவியாரின் நெஞ்சில் தைத்தது. நிறைமாத வயிற்றோடு மலையேறலாகாது என்று மருத்துவச்சிகள் தடுத்தும் கேளாமல், பல்லக்கேறி வெண்குன்றத்துக் கொட்டிலுக்கே வந்து தங்கினார். தாங்கள் நெடுவேட்டைக்குப் போயிருந்தமையால் அங்கு நடந்ததைக் காணும் பேறு தங்களுக்கு வாய்க்கவில்லை.

அங்கே ஒரு சினையாடு நின்றது. கறவை நின்று வெறும் தோற்பையாய்ச் சுருங்கியிருந்த அதன் மடி, ஈனும் காலம் நெருங்க நெருங்கத் திரண்டு, தோல் பளபளக்க விம்மியதைத் தேவியார் நாள்தோறும் தொட்டுப் பார்த்துவந்தார். அதே புல், அதே சுனைநீர், யார் சொல்லி இம்மடிக்கு நாள் தெரிந்தது என்று வியந்து, தம் வயிற்றையும் ஒருமுறை தடவிக்கொண்டார்.

ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது. கொற்ற மந்தையின் முதற்பாலாகிய சீம்பால் அரசுக்குரியது என்பது பழைய வழக்கமல்லவா? மஞ்சள் நிறம் மாறி வெளுக்கும்வரை அதை ஒருசொட்டு விடாமல் வெண்கலக் குடத்தில் கறந்து, குன்றத்து அம்மைக்குப் படைத்துக் கோட்டையார் பகிர்ந்துண்பர். குட்டிக்கோ, எப்போதோ ஈன்ற வேறோர் ஆட்டின் வெண்பாலைப் புகட்டுவர். அன்றும் குடம் வந்தது. ஆனால் ஈரம் உலராத மூத்த குட்டி, குடத்தை முந்திக்கொண்டு தள்ளாடிப் போய்க் காம்பைக் கவ்விக்கொண்டது. ஏவலர் அதை இழுக்கப்போக, தேவியார் கையமர்த்தினார். அது வயிறுமுட்டக் குடித்தது. இளையது எழ வலுவின்றிக் கிடந்து, வழக்கப்படி வெண்பாலே பெற்றது.

மூத்தது பிழைத்தது. இளையது கழிந்து துவண்டது. மறுநாள் சீம்பாலை ஊட்டிப் பார்த்தும் பயனில்லை, காலம் கடந்திருந்தது. தேவியாரின் மடியிலேயே அது உயிர்விட, அவர் வாய்விட்டு அழுதார். பின்பு ஈன்ற ஆடுகள் எவற்றின் அருகிலும் குடத்தை அவர் அண்டவிடவில்லை, ஒரு குட்டியும் சாகவில்லை. வெண்ணியின் சொந்த ஆடுகளுக்குக் குடம் ஏது? அவற்றின் குட்டிகள் பிறந்தவுடன் குடித்தன, வாழ்ந்தன. இதைக் காண நமக்குத்தான் இத்தனை தலைமுறை ஆயிற்று.

தீயில் வைத்தால் முட்டைபோலத் திரண்டுவிடும் அந்த மஞ்சள் குழம்பு, நாளுக்கு நாள் இளகி வெளுத்து வெறும் பாலாகிவிடுவதைத் தேவியார் தம் கண்ணாலேயே கண்டார். உயிர் காக்க ஒன்று, உடல் வளர்க்க ஒன்று என ஒரே மடி மாற்றி மாற்றிச் சுரக்கிறதே, இதன் முன் நம் அரியணை எம்மாத்திரம் என்றார்.

ஆகவே, கொற்ற மந்தையின் முதற்பால் இனி குட்டிக்கே உரியது. அம்மைக்கு வெளுத்த பாலைப் படைக்கலாம், தாயானவள் கோபிக்கமாட்டாள். குடத்தை உருக்கி மணிகளாக்கி ஆடுகளின் கழுத்தில் கட்டுக. வெண்ணிமேல் சாற்றிய பழி பொய்யென்று பறையறைவித்து, கொட்டிலின் திறவுகோலைத் தங்கள் கையாலேயே அவளிடம் திருப்பித் தருக. இது தேவியாரின் ஆணை.

தேவியார் அரண்மனை திரும்பியபின், இவ்வளவும் எழுதி முடிக்குமுன் அவருக்குப் பெண்மகவு பிறந்தது. அரசகுலத்துத் தாயின் முதற்பாலைப் பீய்ச்சி மண்ணில் விடுவதும், அது வெளுக்கும்வரை செவிலி ஊட்டுவதும் அரண்மனை வழக்கம் என்று சொல்லி மருத்துவச்சிகள் செவிலியை அழைத்துவந்தனர். தேவியார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். இவ்வோலைக்கு முத்திரை வேண்டி வாயிலில் காத்துநின்ற எனக்கு அவருடைய முத்திரை மோதிரம் மட்டும் வெளியே வந்தது. மகள் குடித்துக்கொண்டிருக்கிறாள், இப்போது கையை எடுக்க இயலாது, நீரே இட்டுவிடும் என்று சொல்லியனுப்பினார். அவ்வாறே இடப்பட்டது.