பழுப்பு இன்ஹேலரை நிறுத்தியது நான்தான்

அனுப்புநர்:
டோரிஸ் த/பெ பாஸ்கல்,
சிலிபின், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
பொறுப்பு மருத்துவ அதிகாரி அவர்கள்,
அரசு சுகாதாரக் கிளினிக், ஈப்போ வட்டாரம்.

பொருள்: மருந்தாளுநர் குமாரி தினேஸ்வரி மீது நான் கொடுத்த புகார் பொய்யானது எனத் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை பாஸ்கல், ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆஸ்துமாவுக்குத் தங்கள் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். சென்ற மாதப் புகைமூட்டத்தின்போது மூச்சுத் திணறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குமாரி தினேஸ்வரி மருந்தைப் பற்றி எதையும் விளக்காததே காரணம் என்று தங்களுக்குப் புகார் எழுதினேன். விசாரணை முடியும்வரை அவர் மருந்துக் கவுண்டரிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருப்பதாக அறிகிறேன்.

2. அவர் விளக்கினார், ஐயா. நீல இன்ஹேலர் இழுப்பு வந்ததும் அடிப்பதற்கு. பழுப்பு இன்ஹேலர் இழுப்பு வராமல் தடுப்பதற்கு, உடம்பு நன்றாக இருந்தாலும் தினமும் எடுத்து வாய் கொப்பளிக்க வேண்டும் என்று தமிழிலேயே சொன்னார். என் தந்தையிடம் இன்ஹேலரைக் கொடுத்து அடித்துக் காட்டச் சொல்லித் திருத்தினார். நான் பக்கத்தில் நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தேன்.

3. பழுப்பு இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. யாரிடமும் விசாரிக்காமல் நம்பினேன். "நல்லாதானே இருக்கீங்க, இது எதுக்குப்பா? நீலமே போதும்லா" என்று அதை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். "மருந்து கொடுத்த மிஸ்ஸி நிறுத்தக் கூடாதுன்னு சொன்னுச்சேம்மா" என்றார் அப்பா. "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்றேன். அதன்பின் அவர் அந்த மருந்தைக் கேட்கவில்லை.

4. ஏன் மருந்தை விட்டீர்கள் என்று வார்டில் டாக்டர் கேட்டபோது, அப்பா பிராணவாயுக் கவசத்தை விலக்கி, "மறந்து போச்சு டாக்டர், வயசாயிருச்சுல்ல" என்றார். நான் கட்டிலருகே நின்றிருந்தும் வாய் திறக்கவில்லை. பழி வேறு எங்கேயாவது விழாவிட்டால் என் மேல் விழும் என்று பயந்து, அன்று மாலையே அந்தப் புகாரை எழுதினேன்.

5. அப்பா உயிர் பிழைத்து வீடு திரும்பிவிட்டார். ஆனால் சட்டைப் பொத்தான்களைப் போட்டு முடிப்பதற்குள் உட்கார்ந்து இளைப்பாற வேண்டியிருக்கிறது.

6. ஆகவே, குமாரி தினேஸ்வரியை மீண்டும் கவுண்டரில் அமர்த்துமாறு வேண்டுகிறேன். அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க அனுமதியுங்கள். பொய்ப் புகாருக்காக என் மீது எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். இனி நோயாளியுடன் வரும் பிள்ளைகளிடமும், வீட்டில் எந்த மருந்தையாவது நிறுத்தினீர்களா என்று கேட்கச் செய்யுங்கள். சில வீடுகளில் மருந்தை நிறுத்துவது நோயாளி அல்ல, படித்த பிள்ளைதான்.

7. இம்மனுவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணு பாவம், எழுதும்மா. ஆனா ஒம் பேரக் கெடுத்துக்காத" என்று, மூன்றாம் நான்காம் பத்திகளை எடுத்துவிடச் சொல்லி மன்றாடினார். எடுக்காமலேயே கையொப்பமிடுகிறேன்.

இடம்: ஈப்போ
நாள்: 16.10.2023

தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டோரிஸ் த/பெ பாஸ்கல்