மூடிக்குள் ஒரு குங்குமப் பொட்டு

12 நவம்பர் 1988

மாவு புளிக்கவில்லை. இட்லிக்குப் பதில் தோசை ஊற்றினேன். வீட்டுக்காரர் தின்றுவிட்டுப் பட்டறைக்குப் போனார். லாரி பாடி கட்டும் பட்டறைக்காரருக்கு எதைக் கொடுத்தாலும் ருசிதான்.

கம்ப்யூட்டர் தீபாவளி கழிந்த கையோடு நின்றுவிட்டது. ஸ்விட்சைப் போட்டால் சின்னதாக ஒரு 'டிக்'. திரை கறுப்பு. கோயமுத்தூர்க் கம்பெனிக்கு டிரங்கால் போட்டேன். செவ்வாய்க்கிழமை என்ஜினியர் வருவாராம். வாரண்டி ஒரு வருடம். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. கவலைப்பட ஒன்றுமில்லை.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு பெட்டி நின்றுபோனதற்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளுமா? பி.எஸ்சி. கணிதம் முடித்த வருடமே கல்யாணம். இத்தனை வருடம் கழித்து, அப்பா எனக்கென்று எழுதிவைத்த சேந்தமங்கலத்து மானாவாரிக் காட்டை விற்று வாங்கியது அது. "காட்ட வித்து டிவிப் பொட்டியா வாங்குன?" என்று நாத்தனார் கேட்டதற்குச் சிரித்துவிட்டு வந்தேன். என்ன சொல்வது? பதினொன்று, பதின்மூன்று. பதினேழு, பத்தொன்பது. இப்படி இரண்டு தள்ளி ஜோடியாக வரும் பகா எண்கள் எவ்வளவு தூரம் போனாலும் வந்துகொண்டே இருக்குமா என்று கல்லூரியில் படிக்கும்போதே ஒரு பைத்தியம். அந்தப் பெட்டி எனக்காகத் தேடிக்கொண்டிருந்தது. ஒரு கோடியை நெருங்கும்போது நின்றுவிட்டது.

15 நவம்பர்

என்ஜினியர் வந்தார். பெயர் சென்றாயன், அயோத்தியாப்பட்டணத்துக்காரர், முப்பது வயதிருக்கும். பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"சீல் கிழிஞ்சிருக்குங்களே, மேடம்."

"நான்தான் கிழித்தேன். ஆயுத பூசைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மூடியைக் கழற்றினார். மூடியின் உள்பக்கம் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்படியே இருந்தன. உள்ளே இரண்டு இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தார், உதட்டைச் சுழித்தார், திரும்ப மூடினார்.

"நான் இத எழுதித்தான் ஆகணும். சீல் போயிருந்தா கை வைக்கக் கூடாதுன்னு ஆர்டர்."

"காப்பியாவது குடித்துவிட்டுப் போங்கள்" என்றேன். குடித்தார். அதற்கு மட்டும் தடையில்லை.

அந்தச் சீல் தாளில் இங்கிலீஷில் போட்டிருந்ததைக் கிழிக்கும் முன்பே படித்தேன். 'கிழித்தால் வாரண்டி கிடையாது.' படித்துவிட்டுத்தான் பிளேடால் கீறினேன். ஆயுத பூசைக்கு எங்கள் பட்டறையில் வெல்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துப் பொட்டு வைப்போம். மேலே துணியை ஓட்டிவிட்டுப் பொட்டு வைத்தால் அது ஏமாற்று வேலை என்று பட்டறை ஆட்களே சிரிப்பார்கள். இதை மட்டும் மூடியபடி விட எனக்கு மனசு வரவில்லை. ஈரத்துணி படவில்லை, வாட்டர் கலர் பிரஷால் தூசி தட்டினேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"பானெட்டுக்குச் சீல் வெச்சு எவனாச்சும் வண்டி விப்பானா? தொறக்கக் கூடாதுன்னா அது எப்படி நம்முளுது?"

இருபத்திரண்டு வருடத்தில் அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

2 டிசம்பர்

கம்பெனியிலிருந்து கடிதம். அந்நியப் பொருள் உள்ளே போனதால் பழுதாம். என் குங்குமம்தான் அந்நியப் பொருள். 'எங்கள் கவனக்குறைவால் கெட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் சலுகை விலையில் சரிசெய்து தருவார்களாம்.

பானெட் பற்றிப் பேசிய மனுஷன் கடிதத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு கையெழுத்துத்தானே, போட்டுத் தள்ளு" என்கிறார்.

நான் ஏன் போடோணும்? நான் கெடுக்கல. கெடுக்காததைக் கெடுத்தேன்னு எதுக்கு எழுதித் தரோணும்? ஒரு கையெழுத்துத்தானே, ஒரு கையெழுத்துத்தானே — எம்.எஸ்சி. சேர அப்ளிகேஷன் வாங்கி வெச்சிருந்தப்பவும் அப்பா இதையேதான் சொன்னாரு, கல்யாண ரிஜிஸ்தரைக் காட்டி.

சரி. போதும்.

9 டிசம்பர்

சேலம் போனேன். கல்லூரியில் என் பெஞ்சில் உட்கார்ந்த பெரியநாயகி அம்மாபேட்டையில் வக்கீலாக இருக்கிறாள். மாடிக்குப் போகும் வழியெல்லாம் தறிச் சத்தம். அதற்குமேல் சத்தமாக அவள் சிரிப்பு.

"உள்ளாற பொட்டு வெச்சியா? வெத்தலை பாக்கு வெக்கலையா?"

சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நுகர்வோருக்கென்று ஒரு சட்டம் வந்து இரண்டு வருடமாகிறதாம். அதற்கென்றே தனி மன்றம். வக்கீலே வேண்டாமாம்.

"நீயே பேசு, சௌந்திரம். நான் வந்தா அவங்க பெரிய வக்கீலா கூட்டியாருவாங்க. நீ பேசினா, இந்தம்மா என்ன சொல்லப் போவுதுன்னு அசந்துடுவாங்க."

நான் பேசுவதா? திரும்பி வரும் பஸ்ஸில் மல்லூர் தாண்டும்வரை வாய்க்குள் பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்தாள்.

11 ஜனவரி 1989

மனுவைக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்து இரண்டு டம்ளர் கரும்புச்சாறு குடித்தேன்.

14 மார்ச்

கம்பெனி பதில் போட்டிருக்கிறது. பக்கம் பக்கமாக. சாரம் இரண்டுதான். ஒன்று: சீலை உடைத்தேன். இரண்டு: நான் நுகர்வோரே அல்ல. பில் 'வெள்ளியங்கிரி பாடி பில்டர்ஸ்' பெயரில் இருக்கிறதாம். தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு இந்தச் சட்டம் செல்லாதாம்.

உண்மைதான், பில் பட்டறை பெயரில்தான் இருக்கிறது. என் காட்டை விற்ற காசு, அவர் பட்டறைப் பெயர். வாங்கும்போது எனக்கு உறைக்கவேயில்லை. எங்கள் வீட்டில் எது வந்தாலும் அந்தப் பெயரில்தான் வரும்.

பெரியநாயகியிடம் கேட்டேன். வாங்கியவர் சம்மதத்தோடு வேறொருவர் உபயோகித்தால் அவரும் நுகர்வோர்தானாம். ஆனால் என் வீட்டுக்காரர் வந்து, 'தொழிலுக்கு வாங்கவில்லை, இவளுக்குத்தான்' என்று சொல்ல வேண்டும். ஆடிட்டர் இவரிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: போகாதீங்க.

வாருங்கள் என்று நானும் அவரைக் கேட்கவில்லை.

18 ஏப்ரல்

இன்று நடந்ததை விடாமல் எழுத வேண்டும். இன்னும் காது சூடாக இருக்கிறது.

நடுவில் தலைவர், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். கம்பெனி வக்கீல் நன்றாகப் பேசினார். கம்ப்யூட்டர் லாரி அல்ல. நம் கண்ணுக்குத் தெரியாத தூசி போதும், விரலில் இருக்கும் மின்சாரம் போதும். ஆளாளுக்குத் திறந்தால் இந்தத் தொழில் நாட்டில் வேரூன்றுவதற்குள் செத்துவிடும். அதில் பாதி நியாயம் இருக்கிறது. அதுதான் உறுத்தியது.

சென்றாயன் சாட்சி சொன்னார். குங்குமத்தைப் பார்த்தேன் என்றார். கேள்வி கேட்கிறீர்களா என்று தலைவர் என்னிடம் கேட்டார். எழுந்தேன்.

"அன்றைக்கு மீட்டர் வைத்துப் பார்த்தீர்களே, என்ன காட்டியது?"

"ஒண்ணும் காட்டலைங்க. பவர் சப்ளை செத்துப்போயிருந்துச்சு."

"அது எங்கே இருக்கிறது?"

"உள்ளுக்குள்ள தனிப் பெட்டிங்க. அதுக்குத் தனி மூடி."

"அந்த மூடியை நான் திறந்திருந்தேனா?"

கம்பெனி வக்கீல் எழுந்தார். தலைவர் கையால் அவரை உட்காரச் சொன்னார். சென்றாயன் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"இல்லைங்க. அந்த ஸ்க்ரூ மேல கம்பெனியில சிவப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வெப்போம். அது அழியாம இருந்துச்சு."

"ஆக, நீங்களும் பொட்டு வெச்சுத்தான் அனுப்புறீங்க" என்றார் தலைவர். ஒரு உறுப்பினர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

பிறகு நான் பேசினேன். திறந்தால் கெடலாம் என்பது வேறு, திறந்ததால்தான் கெட்டது என்பது வேறு. முதலாவதிலிருந்து இரண்டாவது வராது. கணக்கில் இது முதல் வருடப் பாடம். திறந்ததால் கெட்டது என்றால் அதை அவர்கள் காட்டட்டும். இதைச் சொன்னது என் குரல்தானா? சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது நாற்காலி எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை.

பில் விஷயம் அடுத்த வாய்தாவில்.

5 ஜூன்

நாளைக்கு வாய்தா. அவர் வெள்ளை வேட்டியை எடுத்து மடிப்புப் பார்த்தார். திரும்ப வைத்துவிட்டார்.

6 ஜூன்

காலையில் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அதே வெள்ளை வேட்டி.

"ஆடிட்டர் வேண்டாம்னாருங்களே" என்றேன்.

"மிஷின் என்றது, பட்டறையுதுன்னு எழுதியிருக்கானுக. எனக்கு அதுக்கு ஸ்விட்சு போடக்கூடத் தெரியாது. பொய்க்கு ஒரு அளவு வேண்டாமா?"

கம்பெனி வக்கீல் அவரிடம் பில்லைக் காட்டினார். "இது உங்கள் தொழில் நிறுவனத்தின் பெயர்தானே?"

"ஆமாங்க. எங்கூட்ல எது வாங்குனாலும் பட்டறை பேருலதானுங்க பில்லு. மிக்சி, கட்டில், பீரோ. இந்தா, நான் போட்டிருக்கற மூக்குக் கண்ணாடிகூட பட்டறை பேருலதானுங்க."

"அதையெல்லாம் தொழில் செலவாகக் கணக்குக் காட்டுகிறீர்களா?"

அவர் கழுத்தில் வேர்வை ஓடியது எனக்குத் தெரிந்தது. இப்படி ஒரு இடத்தில் இதைச் சொல்ல வேண்டி வரும் என்றுதான் ஆடிட்டர் பயந்தது.

"ஆமாங்க" என்றார்.

"அது இந்த மன்றத்துக்குச் சம்பந்தமில்லாதது" என்று தலைவர் வக்கீலை நிறுத்தினார். பிறகு இவரைக் கேட்டார்: "இந்தக் கம்ப்யூட்டர் பட்டறைக்கு வாங்கினதா?"

"இல்லைங்க சாமி. என்ற ஊட்டுக்காரிக்கு வாங்குனது. அவளோட காட்டை வித்த காசு. பேருதான் என்றது, பொருளு அவளுது."

அடுத்து நான். கம்பெனி வக்கீல் சிரித்த முகத்தோடு வந்தார். "வீட்டில் இருக்கும் ஒரு அம்மாவுக்குக் கம்ப்யூட்டரில் என்ன வேலை? சாம்பாருக்குப் பருப்பு அளக்கவா?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். நான் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். பதினொன்று, பதின்மூன்று. இருபத்தொன்பது, முப்பத்தொன்று. இந்த ஜோடிகளுக்கு முடிவு உண்டா என்று உலகத்தில் இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. நான் தேடிப் பார்க்கிறேன். எப்படித் தேடுகிறீர்கள் என்றார். நான் எழுதிய புரோகிராமை வரி வரியாகச் சொன்னேன், பத்தாவது வரி, இருபதாவது வரி என்று. டைப்பிஸ்ட் அம்மாள் அதையும் சேர்த்தே அடித்தார், நிறுத்தச் சொல்லும்வரை.

"தேடிக் கண்டுபிடித்தால் உங்களுக்கு என்ன வருமானம்?" என்றார் தலைவர்.

"ஒன்றுமில்லை, ஐயா."

"யாருக்காவது விற்க முடியுமா?"

"முடியாது."

"எதற்காவது பயன்படுமா?"

யோசித்தேன். பொய் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரிந்து இல்லை, ஐயா."

"அப்படியானால் வணிக நோக்கம் இல்லை" என்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

எதற்கும் பயனில்லை என்று ஊரே சொன்ன ஒன்று. அதுவே இன்று எனக்குச் சாட்சியாக நின்றது. அவமானமாக எடுத்துக்கொள்வதா, சந்தோஷப்படுவதா? பஸ்ஸில் அவர் தூங்கிவிட்டார். எனக்குத் தூக்கம் எங்கே? ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே வந்தேன்.

11 ஜூலை

தீர்ப்பு. சீல் கிழிந்ததால் மட்டும் வாரண்டி போய்விடாது. திறந்ததால்தான் பழுது என்று கம்பெனி நிரூபிக்கவில்லை. இலவசமாகப் பழுது நீக்கித் தர வேண்டும்.

ஆடிட்டர் இரண்டு நாளாகப் பட்டறையிலேயே இருக்கிறார். பீரோவும் கட்டிலும் கணக்கிலிருந்து வெளியே வருகின்றன. அபராதம் கட்ட வேண்டியிருக்குமாம். ராத்திரிக்கு வீட்டுக்காரருக்குப் பிடித்த பச்சைப்பயறு கடைந்தேன்.

2 ஆகஸ்ட்

சென்றாயனே வந்து புது பவர் சப்ளை மாட்டினார்.

"உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"திட்டினாங்க. ஆனா என்னைய விட்டா அங்க தொறக்கத் தெரிஞ்ச ஆள் இல்லைங்க."

திரை வெளிச்சமானது. நான் அழுதேன் என்று அவர் போய் யாரிடமும் சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

3 செப்டம்பர்

காலையில் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஆத்தாயி என்று ஒருத்தி, சேந்தமங்கலத்திலிருந்து. வாங்கின புதிதிலேயே கிரைண்டர் நின்றுவிட்டதாம். மூடியைக் கழற்றிப் பார்த்ததால் கடைக்காரன் கையை விரித்துவிட்டானாம்.

"தொறந்தா தப்பில்லைன்னு நீங்க கோர்ட்டுல சொன்னீங்களாமே, அக்கா. எனக்கும் வந்து சொல்லுங்க."

நாளை மறுநாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவளோடு சேலம் கிளம்பினேன். அவரைப் பட்டறையிலிருந்து கூப்பிட்டு, எதையும் தொட வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம், கரண்ட் போனால் மட்டும் திரையில் கடைசியாக இருந்த எண் எதுவென்று ஞாபகம் வைத்திருங்கள் என்றேன்.

பெரியநாயகி வீட்டில் மனு எழுதி முடித்துத் திரும்பும்போது மாலை. வாசலெல்லாம் செருப்பு. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் அவர், தச்சு வேலை சடையன், பெயிண்டர் சின்னுசாமி, இன்னும் இரண்டு பேர், மரத்தூளோடு தரையில்.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி ஒரு ஜோடி வந்துச்சு, அக்கா" என்றான் சடையன். "அடுத்தது டீ வர்றதுக்குள்ள வந்துருமுன்னு நான் பந்தயம் கட்டியிருக்கேன். மொதலாளி வராதுங்கறார்."

"கையைக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ எந்தப் பக்கம்?"

அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு சடையன் பக்கம் உட்கார்ந்தேன்.