நல்ல ஸ்னோ விழும்வரை

நவம்பர் 22, சனி

மழை. புதன் இரவு விழுந்த ஸ்னோ முழுவதும் வாசலில் சாம்பல் நிறச் சேறாகக் கிடக்கிறது. குடையும் வேண்டும், ஸ்னோ அள்ளச் சவலும் வேண்டும். இது என்ன மாதம் என்று வானத்துக்கே தெரியவில்லை.

என் மனிதர் றெஜி விடிந்ததும் ஸ்கீ சறுக்கும் மலையின் கமராவைப் போனில் பார்க்கத் தொடங்கிவிட்டார். திறந்திருப்பது ஒரேயொரு பாதை. அதுவும் பீரங்கி மாதிரி மெஷினால் அடித்த செயற்கை ஸ்னோ. பழுப்பு மலையின் நடுவே சுண்ணாம்பு பூசின மாதிரி ஒரு கீற்று.

"முதல் கிழமையே போயிடவேணும் சுகந்தி. சீசன் பாஸ் சும்மா கிடக்குது."

போன வருடமும் இதே வசனம். முதல் கிழமை, மெல்லிய ஸ்னோ, அடியில் கல். இவருக்கு முழங்கால் சவ்வு அறுந்தது. பிறகு ஒப்பரேஷன், கோடை முழுக்க ஊன்றுகோல், பிசியோ. வீட்டு வாசலின் இந்த வளைந்த இரும்புப் படியில் மனிதரை ஏற்றி இறக்கியது நான்.

இப்போது டாக்டர் விட்டுவிட்டார். "போகலாம். நல்ல ஸ்னோவில், மெதுவாக" என்றார். இவர் காதில் விழுந்தது "போகலாம்" மட்டும்.

நல்ல ஸ்னோ விழும்வரை இல்லை என்று சொல்லிவிட்டேன். 

நவம்பர் 25, செவ்வாய்

மைனஸ் ஒன்பது. நேற்றைய ஈரம் எல்லாம் கண்ணாடி. நான் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டறி வாசலில் பிள்ளையை விட வந்த தாய் ஒருத்தி சறுக்கி என் தோளைப் பிடித்துத் தப்பினாள். ஐஸ் கரைக்கிற உப்பு வாளி வெறுமை. நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் வாங்கவில்லை.

வாங்க: உப்பு (வீட்டுக்கும்), இடியப்ப மா, அனிற்றாவுக்குத் தடித்த கையுறை.

மலை இன்று மூடியாயிற்று. ஓடுபாதை முழுக்க ஐஸாம். மகள் அனிற்றா சனி ஞாயிறுகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கீ பழக்குகிறாள். அவளும் போனைப் பார்த்துப் பெருமூச்சு. "இந்தக் கிழமையும் வேலை இருக்குமோ தெரியேல்லை அம்மா. காலமைதான் சொல்லுவினமாம்."

தகப்பன் ஒரு போன், மகள் ஒரு போன். நடுவில் என் சோறு ஆறுகிறது.

நவம்பர் 29, சனி

வெயில். நம்பவில்லை.

றெஜி காலையில் இல்-பிசார் தீவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். லொங்குய்ய் ஒபிசில் கூட வேலை செய்கிற ஒருவரின் வீடு. கராஜ் கதவு இறுகிவிட்டதாம், உதவிக்காம். கராஜ் கதவைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று அப்போதே நினைத்தேன்.

பத்து மணிபோல அரிசி மூட்டை எடுக்கக் கீழறைக்குப் போனேன். இவருடைய ஸ்கீ இல்லை. ஸ்கீச் சப்பாத்தும் இல்லை.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப, திரும்ப. கோபம், பிறகு பயம், பிறகு இரண்டும். உடுப்பு மடித்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

பின்னேரம் வந்தார். நொண்டவில்லை. முதலில் அதைத்தான் பார்த்தேன்.

"மலைக்குத்தானே போனீங்கள்?"

"ஓம்." ஜக்கற்றைக் கழற்றிக்கொண்டே. "பூட்டிட்டாங்கள். காத்தாம்."

ஸ்கீயைச் சுவரில் சாத்தினார். அடியில் ஒரு துளி ஈரமில்லை.

இருட்டின பிறகு அனிற்றா வந்தாள், கன்னம் சிவந்து. "நல்ல நாள் அம்மா. ஒரு நிமிசம்கூட லிஃப்ட் நிக்கேல்லை."

றெஜி பிளேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பிள்ளைக்கு முன்னால் கேட்பானேன்? பொய் சொன்னதுக்கு மேலே இன்னொரு பொய். எதற்கென்றும் விளங்கவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

ஸ்னோ. உண்மையான ஸ்னோ. இரவு முழுக்கக் கொட்டி, எங்கள் வில்லரேப் பக்கம் முழுவதும் சத்தம் அடங்கிப் போயிற்று. எதிர்வீட்டுச் சைக்கிள் எங்கே என்று தெரியவில்லை. காரைத் தோண்டி எடுத்து, பிந்தித்தான் வேலைக்கு. முதுகு நோகிறது.

பின்னேரம் நானே சொன்னேன். "சனிக்கிழமை போவமே?"

"அடியில ஸ்னோ இன்னும் பிடிச்சிருக்காது. ஒரு கிழமை பொறுப்பம்."

இத்தனை நாள் கீற்றளவு ஐஸுக்கு அடம்பிடித்த மனிதர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"என்னப்பா உங்களுக்கு? ஸ்னோ இல்லாட்டிப் போகவேணும், இருந்தாப் பொறுக்கவேணுமோ? போன சனிக்கிழமை மலை பூட்டேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

குசினி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாக இருந்த மேசை.

"சப்பாத்து மாட்டினனான். ஸ்கீயைத் தூக்கேக்கை கால் நடுங்கத் தொடங்கிட்டுது. இந்தக் கால் இல்லை, ரெண்டும். பேந்து காருக்குள்ளயே இருந்தனான்."

"பின்னேரம் வரைக்குமோ?"

"ஓம்."

"பிறகு ஏன் முதல் கிழமை, முதல் கிழமை எண்டு நிண்டனீங்கள்?"

"முதல் கிழமை போகாட்டி, பிறகு ஒருநாளும் போகமாட்டன் எண்டு தெரியும்."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன்.  தேத்தண்ணி போட்டேன். சீனி கூடிவிட்டது. முழுக்கக் குடித்தார்.

டிசம்பர் 6, சனி

பொறுப்பம் என்றவர் விடியவே ஸ்கீயைக் காரில் ஏற்றிவிட்டார். வெயில் என்று சொன்னார்கள். நெடுஞ்சாலையில் ஏறும்போது வெயில்தான். மலையடிக்குப் போய்ச் சேர, மழையுமில்லாத ஸ்னோவுமில்லாத ஒன்று கண்ணில் குத்துகிறது. திரும்புவோமா என்று கேட்க வாய் திறந்தேன். இவர் இறங்கிவிட்டார்.

லிஃப்ட் பக்கமே போகவில்லை. சின்னப் பிள்ளைகளின் சரிவு. நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் கம்பளம். முன்னால் நாலு வயது, பின்னால் ஐந்து வயது, நடுவில் ஐம்பத்திரண்டு வயது கணக்காளர்.

மேலே அனிற்றா, தன் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டு. தகப்பனைக் கண்டதும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. கெட்டிக்காரி.

"காலைப் பாக்காதேங்கோ அப்பா. என்னைப் பாருங்கோ." பிறகு பிள்ளைகளிடம் பிரெஞ்சில், மிஸ்யூவுக்கு, அதாவது இந்த ஐயாவுக்கு, இடம் விடச் சொன்னாள்.

நின்றார். வெகுநேரம். பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போனார்கள். என் கழுத்துக்குள்ளே தண்ணீர் இறங்குகிறது. வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன், சத்தியமாக லேசில்லை.

போனார். இரண்டு ஸ்கீயின் நுனியையும் முன்னால் கூட்டி, ஆமை வேகம். அடியில் போய் நின்றார். திரும்பிக் கம்பளத்தில் ஏறினார். எனக்கு விரல் விறைத்துவிட்டது, கோப்பி வேண்டும். "இன்னொருக்கா" என்றார். பிறகும் இன்னொருக்கா.

அதற்குப் பிறகுதான் விழுந்தார். யாரும் இடிக்கவில்லை, தானாகவே. எப்படிக் கிட்டப் போனேன் என்று ஞாபகமில்லை.

"முழங்காலோ?"

"இல்லை. குந்துற இடம்தான் நோகுது."

கையை நீட்டினேன்.

"கை தராத. விடு."

ஒரு ஸ்கீ கழன்று தனியே கிடந்தது. அதை இழுத்து, குச்சியை ஊன்றி, சறுக்கி, மறுபடி ஊன்றி. ஈரத்தில் இவருக்கு மூக்கு ஒழுகுகிறது. நான் கையை ஜக்கற் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எழும்பினார். என்னைப் பார்க்கவில்லை. ஸ்கீயை மாட்டி, சறுக்கிக் கீழே போய்விட்டார்.