கிரிக்கெட் இல்லை, பேஸ்போல்

என் ஆசை அப்பா,

வெள்ளவத்தை வீட்டில் உங்கள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. அதற்கு முன்னாலேயே நின்று நானும் சித்தப்பாவும் ஒரு கிழமையாகச் சண்டை பிடிக்கிறோம். கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் உங்கள் வாழ்க்கையை எழுதும் வேலையை என்னிடம் விட்டார்கள். பிறந்தது, புறக்கோட்டை இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தது, அம்மாவைக் கட்டியது எல்லாம் எழுதினேன். 'இளமையில் பேஸ்போல் விளையாடினார்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். சித்தப்பாவுக்கு அந்த வரிதான் பிடிக்கவில்லை.

"பேஸ்போல் எண்டால் எங்கட சனத்தில ஆருக்குத் தெரியும், பிள்ளை? கிரிக்கெட் எண்டு போடு. நல்லா அடிக்கிறவர் எண்டும் போடு. ஆர் வந்து கேக்கப்போகினம்?"

"அப்பா கேப்பார்," என்றேன்.

அவரிலும் முழுப் பிழை இல்லை. அந்த விளையாட்டு இங்கே புதிதாக வந்த காலம். கொட்டாஞ்சேனைப் பெடியன்களும் மருதானைச் சிங்களப் பெடியன்களும் சேர்ந்த சின்னக் குழு உங்களுடையது. அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பது உங்கள் வேலை. பெரிய குழு எதுவும் உங்களைக் கூப்பிடவில்லை, பேப்பரில் பெயரும் வரவில்லை. செத்தவீட்டுக்கு வந்த உங்கள் பழைய கூட்டாளி ஒருவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். ஏனப்பா அதைப்பற்றி என்னிடம் வாயே திறக்கவில்லை?

நேற்றுத்தான் அச்சகத்துக்குக் கொடுக்கக் கடைசி நாள். சித்தப்பா என் வரியை வெட்டி 'கிரிக்கெட் வீரர்' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் தெரியும்தானே, அயலுக்கே கேட்கக் கத்தினேன். குசினிக்குள் இருந்து அம்மா வந்தார். நீங்கள் போன நாளிலிருந்து அவர் ஒழுங்காகக் கதைத்ததே இல்லை.

"கலியாணம் முடிச்ச புதுசில நான் ஒருநாள் போய்ப் பாத்தனான்," என்றார். "இவையள் நல்லாத் தோத்துப்போச்சினம். உடம்பெல்லாம் புழுதி, விரல் வீங்கிப்போச்சு. அப்பிடியே என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு காணேல்லை. கிரிக்கெட் எண்டு போட்டியளெண்டால், அது வேற ஆரோ ஒருத்தியின்ர மனுசன்."

சித்தப்பா தான் எழுதியதைத் தானே வெட்டிவிட்டு, முகம் கழுவப் போனார்.

"ஏனம்மா பிறகு விளையாடேல்லை?" என்று கேட்டேன்.

"நீ பிறந்திட்டாய். ஞாயிறும் கடைக்குப் போகத் தொடங்கினார்."

அப்பா, நான் என்ன சொல்ல? எல்லா ஞாயிறும் களைத்து வந்து படியில் சப்பாத்துக் கழற்றுகிற உங்களைத்தான் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்போடு வந்த ஆளை எனக்குத் தெரியாதே. ஐயோ, ஒருதரம் பார்த்திருக்கக் கூடாதா?

என் பேஸ்போல் வரி அப்படியே அச்சுக்குப் போய்விட்டது. அந்தியேட்டி முடிய, ஒரு ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு பேஸ்போல் பார்க்கப் போவேன், இது சத்தியம். எனக்கு ஆட்டம் விளங்காது. எந்தப் பக்கம் தோற்கிறதோ, அந்தப் பக்கத்துக்குக் கை தட்டிவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே பிள்ளை