ஊர்ச் சத்தியம்

மில்லர்புரம்,
28-3-77

அன்பு மனைவிக்கு,

உன் கடிதத்தில் ஆடு குட்டி போட்டதை மட்டும் எழுதியிருக்கிறாய். மற்றதை நேற்று வந்த உன் அண்ணன் சொன்னார். ஊருக்குக் கரண்டுக் கம்பம் தருகிறவருக்கே ஓட்டு என்று எல்லோரும் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தபோது, நீ மட்டும் மறுத்தாயாம். "ஏளா, டவுன்காரன் பொண்டாட்டிக்கு இங்கன தண்ணி கிடையாது" என்று என் பெரியப்பாவே கிணற்றடியில் மறித்தாராம்.

போன மாதம் வந்து, கம்பத்துக்கு ஓட்டை விற்கிற மடையர்கள் என்று கத்தியவன் நான்தான். துறைமுகத்தில் நான் போட்ட விளக்குகள் பகலிலும் எரிகின்றன.

ஞாயிற்றுக்கிழமை வந்து உன்னை இங்கே கூட்டி வருகிறேன். அதற்குள் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே பூத்தில் வரிசை நீளம், வெயில் வேறு. நான் ஓட்டுப் போடாமலே திரும்பிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்