தெளிந்த தண்ணீர்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் அத்தையும் நலம். கூரை ஒழுகுவதை அடைத்தாயிற்று. போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஓடையைக் காப்பாற்றச் சொல்லி நானும் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் தெருத்தெருவாகப் போய்ப் பேசுவது உங்களுக்குத் தெரியும். கழிவு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள் என்றால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஊற்றுவது எங்கே போகிறது என்று கண்ணெதிரே காட்டிவிட நினைத்து, ஞாயிறு காலை, நம் தெரு மெக்கானிக் பட்டறை வாசல் சாக்கடையில் கெடுதலில்லாத பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினோம். பாதித் தெரு ஓடைப் பாலத்தில் காத்து நின்றது. மதியம் வரை ஓடையில் பச்சை வரவே இல்லை. "உங்க சாயம் பஸ்ஸ விட்டுடுச்சு போல" என்று பட்டறை மெக்கானிக் கேலி செய்ய, எல்லோரும் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அத்தை கிணற்றடியில் அசையாமல் நிற்கிறார். எட்டிப் பார்த்தேன். அடிவரை பச்சை. வெயில் பட்டு, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்தது போல ஒளிர்ந்தது. அத்தை பாதி குடித்து வைத்திருந்த டம்ளரிலும் அதே நிறம். மெக்கானிக்கும் வந்து பார்த்தார். அவர் வீட்டுக்கும் நம் கிணற்றுத் தண்ணீர்தான். உடனே தன் வீட்டுக்கு ஓடினார்.

பூமிக்குள் பழைய சாக்கடைக் குழாய் எங்கோ உடைந்திருக்கிறது, எத்தனை வருடமாக என்று சொல்ல முடியாது என்கிறார் தண்ணீரைச் சோதித்த ஆய்வகத்துக்காரர்.

பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது. பச்சையாக இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயமில்லை. வருவது அதே தண்ணீர்தான், இப்போது கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது.

அத்தை மறுபடியும் ஒரு குடம் இறைத்துவந்து கூடத்தில் வைத்தார். குடிக்க வேண்டாம் என்று தடுத்தேன். "நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இதத்தானே குடிக்கிறோம், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். சொன்னவரின் கண் சுவரில் மாமா படத்துக்குப் போனது. பிறகு பக்கத்தில் உங்கள் அண்ணன் படத்துக்கு. இருவருக்கும் வந்தது ஒரே வயிற்று நோய். அதன்பிறகு அத்தை குடத்தைக் கொட்டவுமில்லை, தொடவுமில்லை. மூடி போட்டபடி அது இன்னும் அங்கேயே இருக்கிறது. நாங்கள் இருவரும் சுற்றிப் போகிறோம்.

மெக்கானிக் வீட்டுக்காரிதான் இப்போது எங்களோடு வீடுவீடாக வருகிறார். அவர் சொன்னால் கேட்கிறார்கள்.

நீங்கள் பிறந்து வளர்ந்ததும் இந்த வீட்டில்தான். லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே டாக்டரிடம் வயிற்றைக் காட்டுங்கள். அவர் எது சொன்னாலும் என்னிடம் மட்டும் சொல்லுங்கள், அத்தையிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

உங்கள் பதிலையே பார்த்திருக்கும்
மனைவி