தண்டவாளத்தோடு நின்ற சாலையும் மிக்கேலம்மாளின் நிலமும்

அனுப்புநர்:
சூ. வியாகுலம்,
பஞ்சாயத்து உறுப்பினர்,
சின்ன சவேரியார்பாளையம்,
மொரப்பூர் வழி, அரூர் தாலுக்கா.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தர்மபுரி.

பொருள்: ரயில்வே கேட் வரும் என்று சொல்லி வாங்கிய நிலம், அதன் சொந்தக்காரர் மீதே வந்த நோட்டீசு – நியாயம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊருக்கும் மொரப்பூர் சாலைக்கும் நடுவே ரயில் பாதை போகிறது. வண்டி கடக்க வழியில்லை. மூன்று மைல் சுற்ற வேண்டும். நான்கு வருடம் முன்பு, பாம்பு கடித்த சின்னப்பனை ஆஸ்பத்திரிக்கு அப்படிச் சுற்றி ஓட்டிப்போன வண்டியில் நானும் இருந்தேன். பாதி வழியில் அவர் உயிர் போயிற்று.

2. போன வருடம் ஜீப்பில் வந்த ஓர் அதிகாரி, ஊரார் நிலம் கொடுத்தால் தண்டவாளம் வரை சாலை போடுவதாகவும், சாலை வந்தால் கேட் தானாக வரும் என்றும் சொன்னார். நம்பினேன். சின்னப்பனின் மனைவி மிக்கேலம்மாளிடம் நான்தான் போய்க் கேட்டேன். அவருக்கு இருந்ததே ஒரு துண்டுக் கொல்லை நிலம். இன்னொருத்தி தாலி அறுக்க வேண்டாம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலிலேயே கைநாட்டு வைத்தார்.

3. சாலை வந்தது. கேட் வரவில்லை. வண்டி ஏறாதபடி தண்டவாளத்தின் இரு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டுவிட்டார்கள்.

4. அரூரில் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு வாங்கி ஒட்டி ரயில்வே ஆபீசுக்கு மனுப் போட்டேன். ஜீப்பில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே சர்க்கார் என்பது எங்கள் எண்ணம். இது மாநில ஸ்டாம்பு, இங்கே செல்லாது என்றும், கேட் வேண்டுமானால் மாநில அரசு எழுதிக் கேட்டுச் செலவை ஏற்க வேண்டும் என்றும் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தங்கள் ஆபீசுக்கு வந்தால், தண்டவாளம் மத்திய அரசுடையது, எங்களால் ஆகாது என்கிறார்கள். போன வருடத் தேர்தலில் பார்லிமெண்டுக்கும் சட்டசபைக்குமாக ஆளுக்கு இரண்டு ஓட்டுச் சீட்டு கொடுத்தார்கள். எதற்கு இரண்டு என்று இப்போதுதான் புரிகிறது.

5. இந்த ஆடியில் மழை பெய்ததும் மிக்கேலம்மாள் அந்தச் சாலையில் ஏர் பூட்டினார். அரசுச் சாலையைச் சேதப்படுத்தியதாக மறுநாளே நோட்டீசு. கேட் யார் பொறுப்பு என்று ஒரு வருடமாகத் தெரியவில்லை; சாலை யாருடையது என்று ஒரே நாளில் தெரிந்துவிட்டது.

6. நம்ப வைத்துக் கழுத்தறுத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் இதே ஊரில் இருக்கிறேன். கோவிலில் அந்தம்மாள் முகத்தில் விழிக்க முடியவில்லை. ஏமாந்தவன் நான், ஏமாற்றியவனும் நானே ஆகிவிட்டேன்.

7. ஆகவே, தாங்கள் நோட்டீசை ரத்து செய்து, கேட்டுக்காக அரசின் பேரில் ரயில்வேக்கு எழுத வேண்டும். அது ஆகாதென்றால் அவர் நிலத்தை அவரிடமே ஒப்படைக்க வேண்டும்.

மத்திய சர்க்கார் வேறு, மாநில சர்க்கார் வேறு என்று அவருக்கு விளக்கிப் பார்த்தேன். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ரெண்டு சர்க்காரும் இருந்துட்டுப் போவட்டுங்கண்ணா. எங்கூட்டு வாசல்ல வந்து கேட்டது நீங்க ஒருத்தருதானுங்க.”

அதற்குத் தங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள். அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இடம்: சின்ன சவேரியார்பாளையம்
நாள்: 21-8-1972

இங்ஙனம்,
சூ. வியாகுலம்